ரேடான் எண் ஏறினால் எங்கே பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

ரேடான் என்பது மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு. நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். நான் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூர். ஒரு தானியக் கிடங்கு, ஒரு நூலகம், ஒரு மருத்துவமனை, அப்புறம் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (சுருக்கமாக இபிஏ) ரேடான் வரைபடத்தில் அயோவாவின் 99 கவுண்டிகளும் முதல் மண்டலத்தில்தான் இருக்கின்றன. அதாவது, அதிகம் எதிர்பார்க்கப்படும் இடம். அதனால் எங்கள் வட்டத்தில் யார் வீடு வாங்கினாலும் பால் காய்ச்சுவதற்கு முன்பே எனக்கு போன் வந்துவிடும்: "அண்ணா, ரேடான் 9.4-னு ரிப்போர்ட் வந்திருக்கு. வீட்டை விட்டுடலாமா?"

விட வேண்டாம். வீட்டின் மற்ற பல குறைகளைவிட இதைச் சரிசெய்வது எளிது. ஆனால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. அதை மாற்றினால் பணம் வீணாகும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் உரிமம் பெற்றவன் இல்லை. அயோவாவில் அடுத்தவர் வீட்டைக் காசு வாங்கிக்கொண்டு சோதிக்கவும், குழாய் போட்டுச் சரிசெய்யவும் மாநில உரிமம் வேண்டும். என் வீட்டிலும் நண்பர்கள் வீடுகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகள்தான் இங்கே இருக்கின்றன.

கீழே வரும் எண்கள் எல்லாம் லிட்டருக்குப் பிக்கோகியூரி, கதிரியக்கத்தை அளக்கும் அலகு. உங்கள் மீட்டர் இன்னொரு அலகான பெக்கரலில் (கனமீட்டருக்கு) காட்டினால் 37-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இபிஏ "சரிசெய்" என்று சொல்லும் அளவு 4. 2-க்கும் 4-க்கும் இடையில் இருந்தால் "சரிசெய்வதைப் பற்றி யோசி" என்கிறது. உலக சுகாதார நிறுவனம் கனமீட்டருக்கு 100 பெக்கரல் என்கிறது, அதாவது 2.7. வீட்டில் யாராவது புகை பிடித்தால் சின்ன எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து பல மடங்கு கூடுவது அங்கேதான்.

அறிகுறி: முதல் சோதனையிலேயே 4-ஐத் தாண்டிவிட்டது

முதலில் சோதனை டப்பாவை எங்கே, எப்படி வைத்தீர்கள் என்று பாருங்கள்.

வைக்க வேண்டிய இடம், ஆட்கள் புழங்கும் மிகக் கீழ்த்தளம். பேஸ்மென்டில் யாரும் இருப்பதில்லை என்பார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்தால் படுக்கை எங்கே போடுகிறோம்? அங்கேதான். ஆகவே பேஸ்மென்டில் வையுங்கள். தரையிலிருந்து 20 அங்குல உயரம், கதவு ஜன்னலிலிருந்து 3 அடி, வெளிச்சுவரிலிருந்து 1 அடி தள்ளி. அடுப்படி, குளியலறை, துணி துவைக்கும் இடம், சம்ப் குழி (அடியில் ஊறும் நீரைச் சேர்த்து பம்ப் வெளியேற்றும் குழி) இருக்கும் அலமாரி, இவை எதிலும் வேண்டாம்.

சோதனைக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும், சோதனை முடியும்வரை மூடியே இருக்க வேண்டும். போகவர வாசல் கதவைத் திறந்து மூடலாம். தாளிக்கும்போது சிம்னியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நண்பர் வீட்டில் மூன்றாம் நாள் அவருடைய மாமியார் "ஒரே புழுக்கமா இருக்கு" என்று பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டார். எண் 5.1 வந்தது. "ஜன்னல் திறந்திருந்ததால் தப்பாக வந்திருக்கும், தள்ளிவிடலாமா?" என்று கேட்டார் நண்பர். தப்புதான், ஆனால் அவர் நினைத்த பக்கத்தில் இல்லை. திறந்த ஜன்னல் எண்ணை இறக்கும். திறந்திருந்தபோதே 5.1 என்றால் மூடினால் இன்னும் ஏறும். மூடி வைத்துச் சோதித்தபோது 8.6 வந்தது.

எண்ணைப் பொய்யாக ஏற்றுவது சம்ப் குழிக்குப் பக்கத்திலும் தரையோடு தரையாகவும் வைப்பதுதான். இந்த இரண்டையும் செய்யவில்லை என்றால் எண்ணை நம்புங்கள்.

ரேடானைக் கரியில் பிடிக்கும் டப்பாவாக இருந்தால், முடித்த நாளிலேயே மூடித் தபாலில் சேர்க்க வேண்டும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். காரில் பத்து நாள் கிடந்தால், பிடித்ததில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆய்வகம் கணக்குப் போட முடியாது என்று திருப்பிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்:

*4 முதல் 8 வரை:* இன்னொரு குறுகிய காலச் சோதனை வையுங்கள். அவசரம் இல்லையென்றால் 90 நாளுக்கு மேல் ஓடும் ஆல்ஃபா டிராக் டப்பா இன்னும் நல்லது. இரண்டு குறுகிய சோதனைகளின் சராசரி 4-ஐத் தொட்டால் சரிசெய்யுங்கள்.

*8-க்கு மேல்:* நீண்ட காலச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே இரண்டாவது குறுகிய சோதனை. அதுவும் அதையே சொன்னால் ஆளைக் கூப்பிடுங்கள்.

*மூன்று இலக்கம்:* பேஸ்மென்டில் தூங்குவதை இன்றிரவே நிறுத்திவிட்டு, காலையில் போன் போடுங்கள். ஆனால் அதற்கும் வீட்டை விட வேண்டியதில்லை. 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவில், லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளரின் மேல் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. அந்த நிலையம் அப்போது மின்சாரமே உற்பத்தி செய்ய ஆரம்பிக்கவில்லை. கதிர்வீச்சு அவர் வீட்டிலிருந்து வந்திருந்தது, அங்கே ரேடான் சுமார் 2,700 இருந்தது. அந்த வீட்டையே சரிசெய்து குடும்பம் திரும்பிக் குடிவந்தது. உங்கள் 9.4-க்கு வழி கிடைக்காமல் போகாது.

அறிகுறி: டிஜிட்டல் மீட்டர் தினம் ஒரு எண் காட்டுகிறது

திங்கள் 2.1, செவ்வாய் 6.8, புதன் 3. மீட்டர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடவில்லை. காற்றழுத்தம் இறங்கும் நாள், மழை நாள், பலத்த காற்று நாள் எல்லாம் எண் ஏறும். இரவில் ஏறிப் பகலில் இறங்கும்.

வாங்கி வைத்த முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அப்புறம் 30 நாள் சராசரியை மட்டும் பாருங்கள். ஒரு மாதச் சராசரியிலும் சந்தேகம் தீரவில்லையென்றால் அதன் பக்கத்திலேயே ஓர் ஆய்வக டப்பாவை வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வீடு விற்கும்போது இந்த மீட்டரின் எண் பெரும்பாலும் செல்லாது, உரிமம் பெற்றவர் வைக்கும் கருவிதான் வேண்டும். அது குறைந்தது 48 மணி நேரம் ஓடும்.

அறிகுறி: பக்கத்து வீட்டில் 2, நம் வீட்டில் 11

இது கோளாறே இல்லை. அடியிலுள்ள மண், தளத்தின் விரிசல், வீடு உறிஞ்சும் விதம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். பக்கத்து வீட்டு எண்ணை நம்பிச் சோதிக்காமல் விடுவதுதான் தப்பு.

அறிகுறி: குளிர்காலத்தில் மட்டும் ஏறுகிறது

ஹீட்டர் ஓடும்போது சூடான காற்று மேலே போய் மாடி வழியாகக் கசியும். அந்த இடத்தை நிரப்ப, வீடு அடியிலிருந்து மண்ணின் காற்றை இழுக்கும். எங்கள் ஊரில் அக்டோபர் கடைசியில் ஜன்னலை மூடினால் ஏப்ரலில்தான் திறப்போம், அதனால் "குளிர்காலத்தில் மட்டும்" என்பது பாதி வருடம்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். திறந்திருக்கும்வரை இறங்கும், மூடிய 12 மணி நேரத்தில் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரை செய்யக்கூடிய வேலை இது. ஜனவரியில் அதற்கும் வழியில்லை.

பேஸ்மென்டில் துணி உலர்த்தியும் கணப்பும் (ஃபயர்பிளேஸ்) சேர்ந்து ஓடினால் உறிஞ்சல் கூடும். ஒரு வாரம் கணப்பை நிறுத்திவிட்டு எண்ணைப் பாருங்கள், செலவில்லாத சோதனை. இறங்கவில்லையென்றால் வருடம் முழுதும் ஓடும் ஆல்ஃபா டிராக் டப்பா வையுங்கள். வருடச் சராசரி 4-க்கு மேல் வந்தால் சரிசெய்ய வேண்டியதுதான்.

அறிகுறி: ஃபேன் போட்ட வீடு, யூ வடிவக் குழாயில் இரண்டு பக்கமும் ஒரே மட்டம்

ரேடான் குழாய் என்பது, தளத்துக்கடியிலிருந்து மண்ணின் காற்றை ஃபேன் இழுத்துக் கூரைக்கு மேலே விடும் குழாய். அது போட்ட வீட்டில், வெள்ளை பிவிசி குழாயின்மேல் யூ வடிவத்தில் உள்ளே தெரியும் ஒரு சின்னக் குழாய் ஒட்டியிருக்கும். உள்ளே சிவப்பு அல்லது நீல எண்ணெய். ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் இருந்தால் ஃபேன் இழுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் இழுக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பேஸ்மென்டுக்கு அரிசி எடுக்கப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அது ரேடானின் அளவைக் காட்டாது, ஃபேன் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் காட்டும்.

சமமாக இருந்தால் இந்த வரிசையில்:

முதலில் அந்தச் சின்ன ரப்பர் குழாய், பெரிய பிவிசி குழாயின் துளையிலிருந்து கழன்றிருக்கிறதா? குழந்தைகள் விளையாடும் பேஸ்மென்டில் பாதிக் கோளாறு இதுதான். செருகினால் எண்ணெய் உடனே ஏறும். ஏறினால் வேலை முடிந்தது.

அடுத்து மின்சாரம். ஃபேன் பெரும்பாலும் மேல் பரணிலோ வெளிச்சுவரிலோ இருக்கும். பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். பரணில் கிறிஸ்துமஸ் விளக்கு எடுக்கப் போனவர் அதையும் சேர்த்து அணைத்திருப்பார். அப்புறம் பிரேக்கரைப் பாருங்கள், ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மறுபடி விழுந்தால் மூன்றாவது தடவை போட வேண்டாம், மின் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது எண்ணெய் இரண்டு பக்கமும் சரியாகப் பூஜ்யக் கோட்டில் நிற்க வேண்டும். கீழே நின்றால் எண்ணெய் குறைந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், அளவு மாறிவிடும். அதற்கென்று எண்ணெயோ புதிய குழாயோ சில டாலருக்குக் கிடைக்கும்.

கடுங்குளிரில் வெளியே போய்க் கூரைமேல் குழாயின் வாயைப் பாருங்கள். மண்ணிலிருந்து வரும் ஈரக் காற்று வாயிலேயே உறைந்து அடைத்திருக்கலாம். ஏணி போட்டு ஏறாதீர்கள், அதுவும் பனிக்கூரையில். குளிர் குறைந்ததும் தானாக உருகினால் சரி, வருடா வருடம் இப்படி நடந்தால் போட்டவரைக் கூப்பிட்டுக் குழாய்க்கு உறை போடச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லை, சுவிட்ச் போட்டும் ஃபேனில் அதிர்வே இல்லை என்றால் ஃபேன் போய்விட்டது. இரவும் பகலும் ஓடும் மோட்டார், பத்து வருடம் ஓடினால் நல்ல ஓட்டம். மாற்ற சில நூறு டாலர் ஆகும். உத்தரவாதம் இருக்கிறதா என்று ஃபேன்மேல் இருக்கும் தேதியைப் பாருங்கள். மாற்றிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும்.

மின் கட்டணத்துக்காக ஃபேனைக் கோடையில் அணைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தின்பது பழைய குண்டு பல்பு அளவுதான். அணைக்காதீர்கள்.

அறிகுறி: எண்ணெய் மட்டம் பழைய கோட்டில் இல்லை

ஃபேன் போட்ட அன்று மட்டம் எங்கே இருந்தது என்று பேனாவால் ஒரு கோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே ஒன்று போடுங்கள்.

*கோட்டைவிட ஏறியிருக்கிறது:* ஃபேன் இழுக்கிறது, காற்று வரவில்லை. அடியில் தண்ணீர். பனி உருகும் மார்ச்சில் இது அதிகம். சம்ப் பம்ப் ஓடுகிறதா பாருங்கள். ஓடவில்லையென்றால் பம்ப்தான் கோளாறு, பிளம்பர் போதும். பம்ப் ஓடியும் குழாயில் குளுகுளு என்று சத்தம் வந்தால், குழாய் எங்கேயோ வளைந்து தொங்கி அங்கே நீர் தேங்கியிருக்கிறது. அதைப் போட்டவர்தான் சரிசெய்ய வேண்டும்.

*கோட்டைவிட இறங்கியிருக்கிறது:* எங்கேயோ காற்று சுலபமாக நுழைகிறது, அல்லது ஃபேன் தளர்கிறது. பத்தில் எட்டுத் தடவை சம்ப் குழியின் மூடி. பிளம்பர் வந்து பம்பைப் பார்த்துவிட்டு மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் போயிருப்பார்.

கண்டுபிடிக்கச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம், பூஜையறையில் இருக்கும் ஊதுபத்தி போதும். ஃபேன் ஓடும்போது பற்றவைத்து மூடியின் ஓரத்தில் மெதுவாகச் சுற்றிக் காட்டுங்கள். புகை நேராக மேலே போனால் அங்கே கசிவு இல்லை. ஒரு இடத்தில் கயிறு மாதிரி கீழே வளைந்து உள்ளே போகும் பாருங்கள், கசிவு அங்கேதான். திருகை இறுக்கி, சிலிக்கான் வைத்து மூடுங்கள். நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள், பம்ப் கெட்டால் திறக்க வேண்டும். பெட்ரோல், பெயின்ட் தின்னர் பக்கத்தில் இருந்தால் ஊதுபத்தி வேண்டாம்.

அறிகுறி: மட்டம் சரியாக இருக்கிறது, எண் மட்டும் இறங்கவில்லை

எனக்கு வரும் போன்களில் மிகவும் தலைவலி இதுதான். 1,500 டாலர் கொடுத்தாயிற்று, ஃபேன் ஓடுகிறது, 9.4 இருந்தது 6.2-இல் நிற்கிறது.

ஃபேன் போட்டு 24 மணி நேரம் ஆகுமுன் சோதித்தீர்களா? அப்படியென்றால் மறுபடி சோதியுங்கள். ஒரு மாதத்துக்குள் ஒரு சோதனை கட்டாயம், அதைப் போட்டவரே செய்யாமல் வேறு ஆளோ நீங்களோ செய்தால் நல்லது.

அடுத்து ஊதுபத்தியோடு ஒரு சுற்று. தளமும் சுவரும் சேரும் இடுக்கு, குளியல் தொட்டியின் அடியில் தளத்தை வெட்டிய இடம், தரை வடிகால், குழாய் நுழையும் துளைகள். ஃபேன் நன்றாக இழுத்தால் இங்கே புகை கீழே போக வேண்டும். ஒரு மூலையில் மட்டும் புகை கீழே போகாமல் அறைக்குள் தள்ளப்பட்டால், அந்த மூலைக்கு ஃபேனின் இழுப்பு எட்டவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. விரிசலை அடைத்தாலே போதும் என்று கடையில் கிடைக்கும் பூச்சை வாங்கிவராதீர்கள். என் நண்பர் ஒருவர் இரண்டு சனி ஞாயிறு முட்டிபோட்டு முழு பேஸ்மென்டையும் பூசினார். 7.8 இருந்தது 7.3 ஆனது, அவர் முட்டிக்குத்தான் வலி வந்தது. ஃபேனுக்கு உதவியாக அடைக்கலாம். தனியாக அடைப்பதை நம்ப முடியாது என்று இபிஏவும் சொல்கிறது.

பிறகு, வீட்டின் ஒரு பகுதியை விட்டுவிட்டார்களா? பழைய வீட்டோடு பின்னால் சேர்த்துக் கட்டிய அறைக்கு அடியில் வெறும் மண்ணோடு ஒரு குனிந்து போகும் இடம் இருக்கும். அந்த மண்ணின்மேல் கனமான பிளாஸ்டிக் விரித்து, சுவரோடு ஒட்டி, அதற்கடியிலிருந்தும் இழுக்க வேண்டும். விட்டிருந்தால் பேஸ்மென்ட் ஃபேன் எவ்வளவு ஓடினாலும் போதாது.

வெளியேறும் வாய் எங்கே இருக்கிறது? ஜன்னலுக்குப் பக்கத்தில் முடிந்தால், வெளியே போனது உள்ளே திரும்பும். கூரைக்கு மேலே போயிருக்க வேண்டும்.

ஃபேன் எங்கே இருக்கிறது? ஆட்கள் புழங்கும் இடத்துக்குள் இருக்கக்கூடாது. ஃபேனுக்கு மேலே உள்ள குழாயில் காற்று தள்ளப்படுகிறது, அங்கே ஒரு இணைப்பு கசிந்தால் மண்ணின் காற்றை நாமே அறைக்குள் ஊதுகிறோம். காணொளி பார்த்துத் தானே போட்டுக்கொண்ட ஒரு வீட்டில் இதைப் பார்த்தேன். எண் முன்பைவிட ஏறியிருந்தது.

இவ்வளவும் பார்த்து இறங்கவில்லை என்றால் இனி நம் வேலை இல்லை. போட்டவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். தளத்தில் சின்னத் துளைகள் போட்டு, இழுப்பு எதுவரை எட்டுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். தீர்வு பெரும்பாலும் இரண்டாவது உறிஞ்சு துளை. அளக்காமலேயே "பெரிய ஃபேன் போட்டுவிடலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தளத்துக்கடியில் களிமண் இறுகியிருந்தால் ஃபேனைப் பெரிதாக்கினால் மட்டும் இழுப்பு தூரம் எட்டிவிடாது.

அறிகுறி: ஃபேன் போட்ட பிறகு கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்கிறது

இதற்குப் படிநிலை எதுவும் இல்லை. எல்லோரும் வெளியே, 911. பேஸ்மென்டிலிருந்து ஃபேன் காற்றை அதிகம் இழுத்தால் எரிவாயு வாட்டர் ஹீட்டரின் புகை மேலே போகாமல் உள்ளே இறங்கலாம். உரிமம் பெற்றவர் ஃபேன் போட்டதும் இதைச் சோதித்துவிட்டுத்தான் போவார். அலாரமே இல்லையென்றால் ஃபேனுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

அறிகுறி: சத்தம்

ஊர்ர்ர் என்று ஒரே சீரான சத்தம் இயல்பு. படுக்கையறைச் சுவர் அதிர்ந்தால் குழாயைப் பிடித்திருக்கும் பட்டை தளர்ந்திருக்கிறது, இறுக்குங்கள். கரகரவென்று அரைத்தால் பேரிங், ஃபேனை மாற்ற நாள் பாருங்கள். விசில் என்றால் கசிவு, ஊதுபத்தி.

அறிகுறி: கிணற்று நீர் வீடு, குளிக்கும்போது மீட்டர் ஏறுகிறது

நகராட்சி நீர் வரும் வீட்டில் பெரும்பாலும் இதைத் தேட வேண்டியதில்லை. சொந்தக் கிணறு இருந்தால் நீரைத் தனியாக ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நீரில் 10,000 இருந்தால் வீட்டுக் காற்றில் ஏறத்தாழ 1 கூடும், அதனால் பெரும்பாலும் மண்தான் முதல் குற்றவாளி. மண்ணைச் சரிசெய்த பிறகும் எண் நின்றால், நீரில் காற்றை ஊதி ரேடானை வெளியேற்றும் கருவியைப் பற்றி நீர் சுத்திகரிப்பாளரிடம் பேசுங்கள். விலை அதிகம்.

ஆளைக் கூப்பிடும்போது

பொதுவாக 1,000 முதல் 2,500 டாலருக்குள் முடியும். இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். உரிம எண்ணைக் கேட்டு மாநிலப் பட்டியலில் பாருங்கள். முடிந்த பிறகு எண் 4-க்குக் கீழ் வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பலர் 2-க்குக் கீழே வரும் என்றே எழுதித் தருவார்கள். எனக்கு வந்த ஒருவர், வீட்டுக்குள் காலே வைக்காமல் வாசலில் நின்று விலை சொன்னார். இரண்டாமவர் பேஸ்மென்டில் குனிந்து மூலை மூலையாகப் பார்த்துவிட்டு 200 டாலர் கூடக் கேட்டார். இரண்டாமவருக்குத்தான் கொடுத்தேன். ஒன்பது வருடமாக 1.3-இல் நிற்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒரு டப்பா வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அவர் போகும் முன் பாக்கெட்டிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து யூ குழாயின் பக்கத்தில் ஒரு கோடும், கீழே அன்றைய தேதியும் போட்டுவிட்டுப் போனார். உங்களிடம் வருபவர் மறந்தால் நீங்கள் பேனாவை நீட்டுங்கள்.